ஓடமும் இருப்புப்பாதையும்
(1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் தொழிலும் சாவும்)

கூற்றுவன் முன்னே அரசனும் ஆண்டியும் ஒன்று என்பது நம் நாட்டில் வழிவழியாக வழங்கி வரும் மொழி. சுடுகாட்டு மண்ணுக்குக் குலமும் இல்லை, செல்வமும் இல்லை என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். துக்க வீட்டில் அமர்ந்து நாமே பலமுறை கூறியும் இருக்கிறோம். எல்லோரும் ஒருநாள் இறப்பர் என்னும் அளவில் அம்மொழி மெய்யே. ஆயின் யார் முந்துவர், யார் பிந்துவர் என்று வினவினால், விடை சொல்வது ஊழ் மட்டும் அன்று. ஒருவன் செய்யும் தொழிலும், அவன் பெறும் கூலியும், அக்கூலி நெல்லாக வருகிறதா காசாக வருகிறதா என்பதும் சேர்ந்தே அவ்விடையைச் சொல்கின்றன.

இதனை எண்களால் உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முன்னோடி எட்வின் சாட்விக் என்னும் ஆங்கிலேயர். 1842ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உழைப்பாளர் சுகாதார அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. மான்செஸ்டர் நகரில் இறந்த மேன்மக்களின் சராசரி வயது 38. கடைக்காரர் முதலியோருக்கு 20. உழைப்பாளர் குடும்பங்களுக்கு 17. உழைப்பாளர் யாவரும் பதினேழில் மாண்டனர் என்பது இதன் பொருள் அன்று. அவர்தம் மக்கள் தொட்டிலிலேயே மிகுதியாக மாண்டமையால் சராசரி அவ்வளவு தாழ்ந்தது. இன்னொரு வியப்பும் அக்கணக்கில் உண்டு. ரட்லண்ட் என்னும் நாட்டுப்புறத்தில் உழைப்பாளர் குடும்பத்தின் சராசரி வயதும் 38. ஆலைப் புகையில் வாழ்ந்த சீமானும் நல்ல காற்றில் வாழ்ந்த கூலியாளும் ஒரே கணக்கில் நின்றனர்! பிறப்பு மட்டும் அன்று, இருக்கும் இடமும் செய்யும் வேலையும் ஆயுளை அளக்கின்றன என்பது அன்றே தெளிவாயிற்று.

மான்செஸ்டர் தொலைவில் உள்ளது. நம் காலனியின் வாசலிலேயே இதே பாடம் ஒருமுறை எழுதப்பட்டது. அதுவே 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். கரக்பூர் வாழ் தமிழராகிய நாம் அதனை அறிந்திருத்தல் கடமை என்று கருதியே, கல்லூரி வாசலை மிதியாத யாம் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பஞ்சம் வந்த வழி

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. பகைவன் கடல்வழியே வங்கத்துள் நுழையக்கூடும் என்று அஞ்சிய அன்றைய அரசு, அவன் கைக்கு எதுவும் எட்டலாகாது என்னும் மறுப்புக் கொள்கையைக் கடலோர மாவட்டங்களில் மேற்கொண்டது. மிகுதி எனக் கருதப்பட்ட நெல்லும் அரிசியும் அங்கிருந்து வாங்கி அகற்றப்பட்டன. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன, சில அழிக்கப்பட்டன. இவ்வாறு பயனற்றுப்போன படகுகள் ஏறத்தாழ 46,000 என்பர். ஆறும் கால்வாயுமே தெருக்களாக உள்ள நாட்டில் படகைப் பறித்தல் என்பது, நம் ஊரில் மாட்டையும் வண்டியையும் ஒருசேரப் பறித்தல் போன்றதாகும்.

அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கடும்புயல் ஒன்று மேதினிபூர் மாவட்டத்தையும் இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்தையும் தாக்கியது. கடல் பொங்கி ஊர்களுள் புகுந்தது. மாண்ட மக்கள் 14,500 என்றும், மாண்ட கால்நடை 1,90,000 என்றும் பின்னர் அமைந்த விசாரணைக் கமிஷன் குறித்தது. கரக்பூர் இம்மேதினிபூர் மாவட்டத்தில் அடங்கிய ஊரே என்பதை நாம் மறத்தல் ஆகாது. புயலை அடுத்து நெற்பயிரில் பழுப்புப்புள்ளி நோயும் பரவி, மார்கழி அறுவடையைக் குறைத்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக விலை ஏறியது. போர்ச் செலவுக்காக அரசு அச்சிட்ட பணம் கல்கத்தாவில் வெள்ளமாய்ப் பாய்ந்தது. வணிகர் பதுக்கினர், விலை இன்னும் ஏறும் என்றஞ்சி வசதியுள்ளோர் வாங்கிச் சேர்த்தனர். 1942 டிசம்பர் 11இல் கல்கத்தாவின் மொத்த விலையில் ஒரு மணங்கு அரிசி 13 ரூபாய்க்கும் 14 ரூபாய்க்கும் இடையே இருந்தது. 1943 மார்ச் 12இல் அது 21 ஆயிற்று. மே 21இல் 30ஐக் கடந்தது. ஆகஸ்டு 20இல் 37ஐ எட்டியது. வங்காள மணங்கு என்பது நம் ஊர் மணங்கு அன்று. அது ஏறத்தாழ 37 கிலோ. உள்நாட்டுச் சந்தைகள் சிலவற்றில் விலை இதனினும் இருமடங்குக்கு மேல் ஏறியது.

யார் மாண்டனர்?

சர் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷன், 1945இல் தந்த அறிக்கையில், மிகுதியாக நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 15 லட்சம் என்றது. பின்வந்த ஆராய்ச்சியாளர் 20 லட்சத்திற்கு மேல் என்றும் 30 லட்சம் என்றும் கணித்துள்ளனர். இவ்வெண்ணைப் படித்தவுடன் நாடே பட்டினி கிடந்தது போன்றதொரு தோற்றம் நம் மனத்தில் எழும். அது பிழை. பஞ்சம் வீடு வீடாக நுழையவில்லை. தொழில் பார்த்தே நுழைந்தது.

பேராசிரியர் மகலனோபிஸும் அவருடன் முகர்ஜி, கோஷ் ஆகியோரும் பஞ்சம் ஓய்ந்தபின் வங்கத்து ஊர்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து, 1946இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் அமர்த்திய சென் அக்கணக்குகளை எடுத்துக்கொண்டு, எத்தொழிலார் எவ்வளவு நொந்தனர் என்பதை 1981இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். எல்லாம் இழந்து நடுத்தெருவுக்கு வந்தோரின் வீதத்தில் முதலிடம் மீனவருக்கு. அடுத்து நின்றோர் படகும் வண்டியும் ஓட்டிய போக்குவரத்துத் தொழிலாளர். அவர்க்குப்பின் நெல்குத்தும் பெண்டிர், வயற்கூலிகள், கைவினைஞர் ஆகியோர். மிகக் குறைவாக நொந்தோர் சொந்த நிலம் உழுத குடியானவரும் வாரத்துக்கு உழுதவருமே.

இவ்வரிசையை உற்று நோக்குக. வாரத்துக்கு உழுதவன் செல்வன் அல்லன். வயற்கூலியும் அவனும் ஒரே ஊரில், ஒரே வயலில், ஒரே சேற்றில் நின்றவர்கள். ஆயினும் ஒருவன் பிழைத்தான், மற்றவன் மாண்டான். காரணம் யாதெனில், வாரக்காரனுக்கு உழைப்பின் பயன் நெல்லாகவே வந்தது. கூலிக்காரனுக்குக் காசாக வந்தது. நெல்லின் விலை ஏற ஏற, நெல்லை உடையவனுக்குக் கேடில்லை. காசை உடையவனோ, முன்பு எட்டுப்படி வாங்கிய கூலிக்கு மூன்று படிதான் வாங்கினான். புயலும் போரும் வேலையையும் பறித்த நாளில் அம்மூன்றும் இல்லை.

மீனவன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பசி வந்த வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது மீனும் பாலும். கடைசியில் நிறுத்தப்படுவது சோறு. ஆகவே அரிசி விலை ஏறும்போது மீனை வாங்குவார் குறைந்தனர். நாவிதன் நிலையும் அதுவே. பட்டினி கிடப்பவன் முடிவெட்டிக்கொள்ள வருவானா? ஒருமுறை முடிவெட்டிய கூலிக்குக் கிடைத்த அரிசி பெரிதும் சுருங்கிற்று. நெல்குத்திப் பிழைத்த கைம்பெண்களுக்கோ, குத்துவதற்கு நெல் வந்தால்தானே கூலி? மீனவருக்கு இவற்றுடன் படகும் போயிற்று என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியினும் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டினும் அது மிகுதி என்றும் சென் கணித்தார். குறைவு அதனினும் பெரிது என மறுக்கும் அறிஞரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எமக்கு இல்லை. ஆயின் குறைவு சிறிதாயினும் பெரிதாயினும், அது எல்லோர் தட்டிலும் சமமாக விழவில்லை என்பதில் இரு கட்சியாருக்கும் வேற்றுமை இல்லை.

ஒரே தொழில், இரு விதி

இனி எம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். போக்குவரத்துத் தொழிலாளர் இரண்டாம் இடத்தில் நொந்தனர் என்றோம். அப்படியானால் ரயில்வேத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளர்தாமே? அவர்கள் ஏன் மாளவில்லை?

விடை எளிது. போர் நடத்துவதற்கு ரயில் வேண்டும், ஆலை வேண்டும், துறைமுகம் வேண்டும். ஆகவே கல்கத்தாவின் ஆலைத்தொழிலாளர், அரசு ஊழியர், துறைமுகத்தார், ரயில்வேயார் ஆகியோர் முன்னுரிமை பெற்ற வகுப்பினராயினர். சந்தையில் அரிசி 30 ரூபாய் விற்றபோது, இவர்களுக்குக் குறைந்த விலையில் அரிசி அளக்கப்பட்டது. ரயில்வேயார்க்கென்று தனித் தானியக் கடைகள் நடந்தன. ‘கிரெயின்ஷாப்’ என்று நம் முதியோர் சொல்லக் கேட்டோர் இன்றும் இக்காலனியில் இருப்பர். பின்னாளில் தென்கிழக்கு ரயில்வேயின் பகுதியாகிவிட்ட பெங்கால் நாகபுரி ரயில்வேயில், பட்டறைத் தொழிலாளராகத் தெலுங்கரும் தமிழரும் வந்து குடியேறியிருந்த காலம் அது. அவர்களைக் காத்தது அக்கடையின் அரிசி.

ரூபநாராயண் ஆற்றில் ஓடம் செலுத்தியவன் பிறர் நெல்லைச் சுமந்தான். கரக்பூர் வழியே வண்டி செலுத்தியவனும் பிறர் நெல்லையே சுமந்தான். இருவர் கையிலும் காய்ப்பு. இருவர் வயிற்றிலும் பசி. முன்னவனுடைய ஓடத்தை அரசு பறித்தது. பின்னவனுக்கு அரசு அரிசி அளந்தது. போருக்கு வேண்டியவன் பிழைத்தான், வேண்டாதவன் மாண்டான். அவ்வாண்டில் தொழிலுக்கும் ஆயுளுக்கும் இருந்த தொடர்பு இதுவே.

பதிவேட்டில் எழுதப்படாதது

குமாஸ்தா வேலை பார்ப்பவர் யாம். பதிவேட்டின் பெருமையும் சிறுமையும் அறிவோம். வங்கத்து ஊர்களில் இறப்பைக் குறித்துத் தருபவர் சௌகிதார் என்னும் ஊர்க்காவலர். பஞ்சத்தில் அவர்களிலும் பலர் மாண்டனர், ஊரைவிட்டு நீங்கினர். ஆகவே சாவு மிகுந்த இடத்திலேயே கணக்குக் குறைந்தது. எழுதப்பட்ட ஏடுகளிலும் பெரும்பாலும் காய்ச்சல், பேதி, அம்மை என்றே காரணம் காணப்பட்டது. பட்டினியால் மெலிந்த உடலைக் காலரா 1943 அக்டோபர், நவம்பரிலும், மலேரியா டிசம்பரிலும், பெரியம்மை மறுவருட வேனிலின் தொடக்கத்திலும் உச்சமாகத் தாக்கின. பஞ்சத்தால் நேர்ந்த இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1943 கழிந்த பின்னரே நிகழ்ந்தன. அரிசி விலை இறங்கிய பின்னும் பிணம் விழுந்தது. ‘காய்ச்சல்’ என்று எழுதிய அக்கட்டத்தின் பக்கத்தில் ‘தொழில்’ என்று மற்றொரு கட்டம் இருந்து, அதனை ஒழுங்காக நிரப்பியிருந்தால், உண்மைக் காரணம் தானே விளங்கியிருக்கும்.

இத்தகைய கேட்டைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. அவ்விதியின் வேர் நம் தமிழ் மண்ணிலும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் படி உயர்த்தப்பட்டது. அப்பஞ்சத்தின் படிப்பினையால் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதனைப் பின்பற்றிப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. 1943இல் வங்க அரசு அவ்விதித்தொகுப்பை நடைமுறைப்படுத்தவில்லை. விதிப்படி அளக்க வேண்டிய உணவு கையில் இல்லை என்பதே ஆளுநர் தந்த காரணம். ஆகஸ்டு 22இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் கல்கத்தாத் தெருக்களின் படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அக்டோபரில் வைஸ்ராயாக வந்த வேவல் பிரபு படையினரை நிவாரணத்தில் ஈடுபடுத்தினார். கல்கத்தாவில் முறையான பங்கீடு தொடங்கியது 1944 ஜனவரி 31ஆம் நாள்.

வடிகஞ்சி

எம் பாட்டனார் அக்காலத்தில் பட்டறையில் வேலை பார்த்தவர். பாட்டியார் சொல்லி யாம் சிறுவயதில் கேட்ட செய்தி ஒன்றை இங்கே எழுதுகிறோம். காலையில் சோறு வடிக்கும் நேரத்திற்கு, கொல்லைப்புறத்தில் பெண்கள் தகரக்குவளையும் மண்சட்டியுமாக நிற்பார்களாம். அவர்கள் சோறு கேட்கவில்லை. ‘ஃபேன் தாவ், மா’ என்றே கேட்டனர். ஃபேன் என்றால் வடிகஞ்சி. நம் வீடுகளில் மாட்டுத் தொட்டியில் ஊற்றும் நீரைத் தம் மக்களுக்காகக் கேட்டனர். முதலில் எல்லா வீட்டாரும் ஊற்றினர். கூட்டம் பெருகவே, நோய் வரும் என்று அஞ்சிப் பலர் கொல்லைக் கதவைச் சாத்தினர். எம் வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது. ஆயினும் கைக்குழந்தையுடன் வந்த ஒருத்திக்கு மட்டும் பாட்டியார் வேலியின் மேலாகக் குவளையில் ஊற்றி வந்தார். ஒருநாள் அவள் வரவில்லை; மறுநாளும் வரவில்லை.

‘எந்த ஊர், என்ன பேர், வீட்டுக்காரன் என்ன வேலை பார்த்தான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே’ என்று பாட்டியார் முதுமையிலும் சொல்லுவார். அப்போது அவருக்கு வங்காள மொழி வாராது. பல்லாண்டு கழித்து, தொழில்வாரியாக அமைந்த அக்கணக்கு அட்டவணையைப் படித்தபோது எம் கண் தானே அதில் அவளைத் தேடியது. மீனவர் வரிசையா, படகோட்டி வரிசையா, வயற்கூலி வரிசையா? எந்த வரிசை என்று யாம் அறியோம். நாம் நின்ற வரிசை அன்று என்பதை மட்டும் அறிவோம்.

இன்றைக்கு என்ன?

பஞ்சம் போயிற்று, இப்பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பஞ்சமில்லாத நாட்டிலும் இவ்வேற்றுமை ஒழியவில்லை. 1967இல் லண்டன் அரசு அலுவலகங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் ஊழியரை ஆராயத் தொடங்கினர். அவர்களுள் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. எல்லோரும் அரசுச் சம்பளக்காரரே. எனினும் மேல்படி அதிகாரிகளை நோக்க, கடைநிலை ஏவலரின் இறப்பு வீதம் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் ஆயுள் சிறிது சிறிதாகக் குறைந்தது. குமாஸ்தாக்கள் நடுப்படியில் நின்றனர்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாடு அடைக்கப்பட்டபோது பயணி வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் ஓடின. ரயில்வேயாராகிய எமக்குச் சம்பளம் வந்தது. மே 8ஆம் நாள் அதிகாலை, மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாத் அருகே, வேலை இழந்து ஊர்நோக்கி நடந்த தொழிலாளர் 16 பேர், தண்டவாளத்தில் படுத்துறங்கியபோது சரக்கு வண்டி ஏறி மாண்டனர். மீண்டும் இருப்புப்பாதையின் மேல் ஒருவகையார். அதன் அருகே நடந்து மாண்டவர் மற்றொரு வகையார்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்துள்ளது; குடும்ப அட்டையும் உண்டு. ஆயின் அட்டை ஓர் ஊரில், ஆள் மற்றோர் ஊரில் என்னும் நிலையில் உள்ளவர் இன்றும் நம் அருகே உளர். நம் காலனியைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளர், வாசலில் காய்கறி கூவி விற்பவர், பாதை செப்பனிடப் பிற மாவட்டங்களிலிருந்து வந்து கூடாரத்தில் தங்கியிருப்போர் ஆகியோரை எண்ணிப் பார்ப்போமாக. ஆண்டுவிழாவில் நாம் இலைபோட்டு விருந்துண்கிறோம், நன்று. அவ்விருந்துக்கு முன்னர், நம் சங்கத்தார் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களிடம் சென்று, பெயர் என்ன, ஊர் எது, அட்டை உண்டா, அரிசி கிடைக்கிறதா என்று கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவரலாம். அட்டை இல்லாதார்க்கு விண்ணப்பம் எழுதித்தர எம் போன்ற குமாஸ்தாக்கள் இக்காலனியில் பலர் உளோம்.

அன்று கேளாமல் விட்ட கேள்வியை இன்றேனும் கேட்போம். அதற்கு வேண்டிய மொழியை இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாம் இப்போது அறிவோம்.